மங்கும்போது பார்க்க ஆள் வேண்டும்

அல்சூர், பெங்களூரு
ஜூலை 5, 2025

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு முட்டிவலி தேவலை. தேவலையோ இல்லையோ, மாடிப்படி ஏறாமல் இருக்க முடியவில்லை. ஓநாய் மண்டலத்தில் ஒரு நோவா, அதாவது திடீரென்று வெளிச்சமாகிற நட்சத்திரம், வந்திருக்கிறது.

நம்ம கேட்டை நட்சத்திரத்திலிருந்து தென்மேற்கே இறங்கிப் பார். ஜூன் 12 அன்று தானாகவே வானத்தைப் படமெடுக்கும் கேமராக்களில் அது சிக்கியபோது அதன் வெளிச்ச அளவு 8.7. ஒரு வாரத்தில் ஐந்தரைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது, கிட்டத்தட்ட பத்தொன்பது மடங்கு வெளிச்சம்! எண் குறையக் குறைய வெளிச்சம் கூடும். ஓர் அளவுக்கு 2.512 மடங்கு. 1856-ல் இந்தக் கணக்கை வகுத்த வானியலாளர் போக்சன் பின்னால் சென்னை வான் ஆய்வகத்துக்கு வந்து, 1891-ல் சாகும்வரை அங்கேயே இருந்தார். அவரிடம் உதவியாளராக இருந்த ரகுநாதாச்சாரி 1867-ல் ஒரு மாறு விண்மீனை, அதாவது வெளிச்சம் கூடிக் குறைகிற நட்சத்திரத்தை, கண்டுபிடித்தார். நுங்கம்பாக்கம் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு இவர்கள் ஞாபகம்தான்.

கீழ் வீட்டு அம்மா, “செத்துப்போன நட்சத்திரத்தையா தினம் போய்ப் பார்க்கிறீங்க?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் நோவாவில் எதுவும் சாவதில்லை. ஒரு வெண்குறு விண்மீன், அதாவது சுருங்கி அடர்ந்துபோன பழைய நட்சத்திரம், தன் ஜோடி நட்சத்திரத்திலிருந்து ஹைட்ரஜனை இழுத்து மேலே சேர்த்துக்கொண்டே போகும். சேர்ந்தது அழுந்திச் சூடேறி, ஒரு கட்டத்தில் மொத்தமும் அணுச்சேர்க்கையில் வெடித்து வெளியே சிதறும். பால் பொங்கி வழிந்தால் பாத்திரமா உடைகிறது? நட்சத்திரம் அப்படியே இருக்கும். இதைச் சொன்னதும் அவர் மாடி விளக்கை அணைக்கச் சம்மதித்தார். எதிர்க் கட்டடத்து எல்இடி போர்டை அணைக்கச் சொல்ல எனக்கு வழியில்லை, தண்ணீர் டேங்க் நிழலில் ஒதுங்கிக்கொள்கிறேன்.

முதல் வாரம் நம்ம கூட்டாளிகள் எல்லோரும் பார்த்தார்கள், போட்டோ எடுத்தார்கள். உச்சத்தைத் தாண்டி மங்கத் தொடங்கியதும் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். கேட்டால் மழைமேகம் என்கிறார்கள். பெங்களூரில் ஜூனில் மேகம் இல்லாமல் எப்போது இருந்தது? எனக்கு இதில்தான் ஆதங்கம். இரண்டு அளவு இறங்க எத்தனை நாள் ஆகிறது என்பதை வைத்துத்தான் ஒரு நோவா வேகமானதா, மெதுவானதா என்று சொல்கிறார்கள். சிலது சீராக இறங்கும், சிலது ஏறி ஏறி இறங்கும். 1934-ல் வந்த ஹெர்குலிஸ் நோவா சில மாதம் கழித்துத் திடீரென்று அதலபாதாளத்துக்குப் போய், மறுபடி தலைகாட்டியது. அது கக்கிய பொருளே தூசியாகித் திரை போட்டிருந்தது. யாரும் பார்க்காமல் விட்டிருந்தால் அந்தப் பள்ளம் வரைபடத்திலேயே வந்திருக்காது.

நீ ஆலங்காயத்தில் இருக்கிறாய், இருட்டுக்குக் குறைவில்லை. பக்கத்துக் காவலூர் வான் ஆய்வகத்துக்கு எத்தனை தடவை போயிருப்பாய்! ராதா கோபிந்த சந்திரா கதை தெரியுமா? இப்போது வங்கதேசத்தில் இருக்கும் ஜெசூரில் கருவூல வேலை பார்த்தவர். 1918-ல் கழுகு மண்டலத்து நோவாவைத் தானாகவே கண்டார். பிறகு அமெரிக்காவின் மாறு விண்மீன் நோக்கர் சங்கத்துக்கு, அதாவது ஆவ்சோவுக்கு, 37,000-க்கும் மேற்பட்ட வெளிச்ச மதிப்பீடுகளை அனுப்பினார். அவர்கள் அவருக்குக் கொடுத்த ஆறு அங்குலத் தொலைநோக்கி, பின்னால் வானியலாளர் வைணு பாப்புவிடம் போய், கடைசியில் உங்கள் காவலூருக்கே வந்து சேர்ந்தது.

வட மகுடத்து நோவா எப்போது வரும் என்று கேட்டிருந்தாய். 1866-லும் 1946-லும் வெடித்தது, அடுத்ததற்கு உலகமே காத்திருக்கிறது. வந்தால் ஒரு வாரம் போல வெறுங்கண்ணுக்குத் தெரியும், அவ்வளவுதான். அதற்குள் இதில் கை பழகிக்கொள்.

பௌர்ணமி 10-ஆம் தேதி. இப்போது நிலா பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு தொல்லை கொடுக்கிறது. 13-க்குப் பிறகு இரவு எட்டு மணிக்கு அந்த இடம் நேர் தெற்கில் உச்சத்தில் இருக்கும், நிலாவும் உதித்திருக்காது. உன் பைனாகுலரே போதும். சுற்றியுள்ள நட்சத்திரங்களின் வெளிச்ச அளவைக் குறித்த சார்ட்டை இதோடு வைத்திருக்கிறேன். அதில் 57 என்று இருந்தால் 5.7 என்று படி. புள்ளி வைத்தால் நட்சத்திரம் என்று நினைத்துவிடுவோம் என்று விட்டுவிடுவார்கள். நோவாவைவிடக் கொஞ்சம் வெளிச்சமான ஒன்று, கொஞ்சம் மங்கலான ஒன்று, இரண்டையும் பிடித்துக்கொள். 60-க்கும் 66-க்கும் நடுவே, வெளிச்சமான பக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி இருக்கிற மாதிரி பட்டால் 6.2. சிவப்பாகத் தெரிந்தால் முறைத்துப் பார்க்காதே. பார்க்கப் பார்க்கக் கண்ணுக்கு வெளிச்சம் ஏறிக்கொண்டே போகும். சட்டென்று பார்த்துக் கண்ணை எடு. ஒருவேளை ஒன்றுமே தெரியாவிட்டால், தெரிந்த நட்சத்திரங்களில் மிக மங்கலானது எதுவோ அதன் எண்ணை எழுதி, ‘இதைவிட மங்கல்’ என்று குறி. அதையும் ஆவ்சோக்காரர்கள் வாங்கிக்கொள்வார்கள்.

அப்புறம் ஒன்று. எண்ணை முதலில் நோட்டில் எழுது, பிறகு எனக்குப் போன் செய். நான் எவ்வளவு போட்டேன் என்று முன்னாடியே கேட்காதே. கேட்டாலும் சொல்ல மாட்டேன்.

உன்
அல்சூர் நண்பன்