14 மணி நேரம் என்று விற்ற லேப்டாப், 3 மணி நேரத்தில் அணைகிறது

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

வணக்கம். நாலு மாதத்துக்கு முன்பு தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உங்கள் 14 அங்குல லேப்டாப்பை வாங்கினேன். பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் "14 மணி நேரம் வரை பேட்டரி" என்று போட்டிருந்ததுதான் காரணம், வேறு ஒன்றும் இல்லை. சாட்ஸ்வொர்த்தில் வீட்டிலிருந்தே பிள்ளைகளுக்கு ஆன்லைனில் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். 2022, 2023-இல் லோட் ஷெடிங் (முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு) எங்களை என்ன பாடு படுத்தியது என்று உங்களுக்கும் தெரியும்; இப்போது அது அடங்கியிருக்கிறது என்றாலும், கேபிளைத் திருடிவிட்டார்கள், சப்ஸ்டேஷன் டிரிப் ஆகிவிட்டது என்று ஏதாவது ஒரு சாக்கில் கரண்ட் போய்க்கொண்டேதான் இருக்கிறது. வைஃபை ரவுட்டருக்கு ஒரு சின்ன யுபிஎஸ் வைத்திருக்கிறேன், அது பாவம் ஒழுங்காக ஓடுகிறது. லேப்டாப்தான் ஜூமில் 3 மணி நேரம் தாண்டுவதற்குள் படுத்துவிடுகிறது.

உங்கள் கணக்கையே பார்ப்போம். உள்ளே இருப்பது 42 வாட்-ஹவர் பேட்டரி, அதாவது ஒரு வாட் மட்டும் இழுத்தால் 42 மணி நேரம் வரும். அது 14 மணி நேரம் வர வேண்டுமானால் ஸ்கிரீன், பிராசசர், வைஃபை எல்லாம் சேர்ந்து சராசரியாக 3 வாட்தான் இழுக்க வேண்டும். பகல் வெளிச்சத்தில் எழுத்து தெரிகிற அளவுக்கு ஸ்கிரீனைக் கூட்டி வைத்தால் அது ஒன்றே கிட்டத்தட்ட அவ்வளவையும் தின்றுவிடும். அப்புறம் எப்படி 14? உங்கள் இணையதளத்தின் அடியில் பொடி எழுத்தில் பதில் இருக்கிறது: ஸ்கிரீன் வெளிச்சம் 150 நிட்ஸ் (நிட்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு; 150 என்றால் மங்கல்தான்), வைஃபை அணைத்து, ஏற்கெனவே சேமித்து வைத்த வீடியோவை ஓடவிட்டு எடுத்த அளவாம். அப்படி யார் வேலை செய்கிறார்கள்?

சர்வீஸ் சென்டரில் சொன்னதையெல்லாம் செய்தேன். வெளிச்சத்தைக் குறைத்தேன், நொடிக்கு 120 முறை படத்தைப் புதுப்பிக்கும் (120 ஹெர்ட்ஸ்) ஸ்கிரீனை 60-க்கு இறக்கினேன், பேட்டரி சேவரைப் போட்டேன், பின்னணியில் ஓடும் ஆப்களை நிறுத்தினேன், ஜூமில் வைத்திருந்த பின்புலப் படத்தைக்கூட எடுத்துவிட்டேன் (இப்போது கொடியில் காயும் துணி எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிகிறது). கூடியது அரை மணி நேரம்.

சரி, பேட்டரியையே பார்த்துவிடலாம் என்று விண்டோஸின் பேட்டரி ரிப்போர்ட்டை எடுத்தேன். தயாரிப்பின்போது 42,000 மில்லிவாட்-ஹவர், இப்போது முழு சார்ஜில் 34,500. நாலே மாதத்தில் கிட்டத்தட்ட 18 சதவீதம் போய்விட்டது, சார்ஜ் சுழற்சி (ஒரு முழு சார்ஜ் அளவு தீர்ந்தால் ஒரு சுழற்சி) நூறைக்கூடத் தொடவில்லை. லித்தியம் அயன் பேட்டரி பொதுவாகச் சில நூறு சுழற்சிக்குப் பிறகுதான் இந்த நிலைக்கு வரும். இதை சர்வீஸ் சென்டரில் காட்டினால், "எப்போதும் சார்ஜரில் போட்டே வைத்திருக்கிறீர்கள், டர்பன் வெயில் வேறு" என்கிறார்கள். நூறு சதவீதத்திலேயே நிறுத்தி வைத்தால், அதுவும் சூட்டில், பேட்டரி சீக்கிரம் தேயும் என்பது உண்மைதான். அதற்காகத்தானே மற்ற கம்பெனிகள் 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதியைத் தருகின்றன? உங்கள் மாடலில் அது இல்லை, கையேட்டிலும் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. கரண்ட் எப்போது போகும் என்று தெரியாத ஊரில் சார்ஜரைக் கழற்றி வைத்துக்கொண்டு யார் உட்கார்ந்திருப்பார்கள்?

தென்னாப்பிரிக்காவின் 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 56-ஆம் பிரிவின்படி, குறையுள்ள பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பித் தரலாம். சரிசெய்வதா, மாற்றுவதா, பணத்தைத் திருப்புவதா என்று சொல்ல வேண்டியது வாங்கியவர், நீங்கள் இல்லை. எனக்குப் புது பேட்டரி போட்டுத் தாருங்கள், செலவு உங்களுடையது. முடியாது என்றால் முழுப் பணமும் வேண்டும். "பரிசீலிக்கிறோம்" என்ற தானியங்கிப் பதில் வேண்டாம், அது ஏற்கெனவே வந்துவிட்டது. இம்மாத இறுதிக்குள் எழுத்தில் முடிவு வராவிட்டால் நுகர்வோர் குறைதீர்ப்பாளரிடம் போவேன்.

ரசீதும் பேட்டரி ரிப்போர்ட்டும் இணைத்திருக்கிறேன்.