வேதாரண்யம் நாடகம் எழுதும் ஆசிரியருக்கு

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். உப்புச் சத்தியாகிரகத்தைப் பள்ளி நாடகமாக எழுதுகிறீர்கள் என்று அறிந்து மகிழ்ந்தோம். ஒரு வேண்டுகோள். ராஜாஜி நடந்து வரும் காட்சியோடு, அவர் வந்து சேரும் ஊரில் எல்லாவற்றையும் ஏற்பாடு செய்து வைத்த வேதரத்தினம் பிள்ளைக்கும் மேடையில் இடம் கொடுங்கள். வேதாரண்யத்தைத் தேர்ந்ததற்கே அவர் அங்கே இருந்தது ஒரு காரணம்.

1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியில் டாக்டர் ராஜன் வீட்டிலிருந்து புறப்பட்ட அணி 28-ஆம் தேதி வேதாரண்யம் சேர்ந்தது. ஏறத்தாழ 100 பேர், சுமார் 240 கி.மீ. சித்திரை வெயிலில் இத்தனை பேருக்கும் தினமும் சோறும் தண்ணீரும் படுக்க இடமும் வேண்டுமே! தஞ்சை கலெக்டர் தார்ன் அங்கேதான் கை வைத்தார். நடப்பவர்களை விட்டுவிட்டு, அவர்களுக்கு உணவோ இடமோ தருபவர்களுக்குச் சிறை என்று அறிவித்தார். கும்பகோணத்தில் விருந்தளித்த பந்துலு ஐயர் 6 மாதம் உள்ளே போனார். ஊரார் சளைக்கவில்லை. சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரங்களில் கட்டிவைத்தார்கள். கொள்ளிடக் கரையில் பாத்திரத்தோடு புதைத்து அடையாளம் வைத்தார்கள். இதை அவசியம் காட்டுங்கள்.

உப்புக் காட்சியில் அடுப்பு வேண்டாம். ஏப்ரல் 30 காலையில் ராஜாஜி அள்ளியது அகஸ்தியம்பள்ளிச் சதுப்பில் தானாகப் படிந்த உப்பு. கோடையில் அங்கே ஏறிய கடல்நீர் வற்றி உப்பு பூத்துக் கிடக்கும். மாணவர்களுக்குச் செய்து காட்டுவதானால் அகலமான தட்டில் கடல்நீரை வெயிலில் வையுங்கள். லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புகள் இருக்கும். முதலில் சிறிது சுண்ணாம்பும், அடுத்து ஜிப்சம் என்ற கால்சியம் உப்பும் படியும். நீர் பத்தில் ஒரு பங்காகச் சுண்டும்போதுதான் சோற்றுப்பு இறங்கத் தொடங்கும். முழுக்கக் காயவிட்டால் கெட்டது: மிச்ச நீரிலுள்ள மக்னீசியமும் சேர்ந்து உப்பு கசக்கும், எப்போதும் ஈரம் கசியும். அந்த நீரை வடித்துவிட்டே உப்பை வார வேண்டும்.

இன்னொன்று. வேதரத்தினத்தை 1930 காட்சிகளில் யாரும் 'சர்தார்' என்று அழைக்கக் கூடாது. அந்தப் பட்டம் போராட்டத்துக்குப் பிறகு வந்தது. அவரும் சிறை சென்றார், சொத்துகள் பறிமுதலாயின. முகச்சவரத்தின் நடுவே, உட்கார்ந்திருப்பவர் போலீஸ்காரர் என்று தெரிந்ததும் கத்தியைக் கீழே வைத்த நாவிதர் வைரப்பனுக்கும் ஒரு காட்சி வேண்டும், அவருக்கும் சிறைதான்.

நாடகத்தைச் சிறையோடு நிறுத்தாதீர்கள். 1946-இல் வேதரத்தினம் வேதாரண்யத்தில் பெண் குழந்தைகளுக்காகக் கஸ்தூரிபா காந்தி கன்யா குருகுலத்தைத் தொடங்கினார். 1961-இல் மறையும்வரை அதற்காகவும் உழைத்தார். உங்கள் மாணவிகளுக்கு அந்தக் காட்சியைக் கொடுங்கள்.

அன்புடன்.