‘வட்டி இல்லை’ என்று அச்சிடும்போது தேதியையும் சேர்த்து அச்சிடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

நிதிப் பக்கங்களில் ‘வட்டியில்லா கிரெடிட் கார்டு’ என்ற சொல் அடிக்கடி வருகிறது. விளம்பரத்தில் வந்தால் படிப்பவர் கொஞ்சம் எச்சரிக்கையாக இருப்பார். கட்டுரையிலும் கேள்வி-பதில் பகுதியிலும் அதே சொல் வரும்போது, பத்திரிகையே சொல்கிறது என்று நம்பிவிடுகிறார். எந்தத் தேதிக்குள் எவ்வளவு கட்டினால் வட்டி இல்லை, ஒரு ரூபாய் குறைந்தாலும் என்ன ஆகும் என்ற இரண்டையும் சேர்க்காமல் அந்தச் சொல்லை அச்சிடக் கூடாது என்பதே என் வேண்டுகோள். சேமிப்புக் கணக்கையும் கார்டையும் பற்றி மக்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளில் பெரும்பாலானவை இந்த விடுபட்ட பாதியிலிருந்துதான் பிறக்கின்றன.

கீழே தொகைகளை வெறும் எண்களாகவே தருகிறேன். எந்த நாட்டுப் பணமானாலும் கணக்கு ஒன்றுதான். வட்டி விகிதங்களும் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. வாசகர்கள் தங்கள் கார்டின் விகிதத்தை அந்த இடத்தில் போட்டுப் பார்க்கலாம்.

முதலில், ‘50 நாள் வரை வட்டி கிடையாது’ என்பதன் பொருள். ஒரு கார்டின் பில் தேதி மாதந்தோறும் 5, பணம் கட்டக் கடைசி நாள் 25 என்று வைத்துக்கொள்வோம். ஜூன் 6 அன்று வாங்கிய பொருள் ஜூலை 5 பில்லில் வரும். அதற்கு ஜூலை 25 வரை நேரம் உண்டு, ஆக 49 நாள். அதே பொருளை ஜூலை 4 அன்று வாங்கினால், அதுவும் ஜூலை 5 பில்லிலேயே ஏறிவிடும். கிடைப்பது 21 நாள்தான். ‘வரை’ என்ற சிறு சொல்லில் நான்கு வாரம் ஒளிந்திருக்கிறது. பெரிய செலவு இருந்தால் பில் தேதிக்கு மறுநாள் செய்வது நல்லது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வது இதனால்தான்.

அந்த 49 நாளும் 20,000 சேமிப்புக் கணக்கிலேயே இருந்தால் என்ன கிடைக்கும்? ஆண்டுக்கு 3 சதவீதம் என்றால் 20,000-ஐ 0.03 ஆல் பெருக்கி, 49 ஆல் பெருக்கி, 365 ஆல் வகுக்க வேண்டும். விடை ஏறக்குறைய 80. கார்டைக் கச்சிதமாகப் பயன்படுத்துகிறவருக்கு வட்டி வகையில் வரும் லாபம் அவ்வளவே.

இனி நஷ்டத்தைப் பாருங்கள். அதே 20,000 பில்லுக்கு ஒருவர் ஜூலை 25 அன்று 19,000 கட்டுகிறார். பாக்கி 1,000 தானே, அதற்கு மாதம் 3 சதவீதம் என்றால் 30 போகும், போகட்டும் என்று நினைக்கிறார். பல கார்டுகளின் விதி அப்படி இல்லை. பில் தொகை முழுதாகக் கட்டப்படாவிட்டால் வட்டியில்லாக் காலமே ரத்தாகிவிடும். வாங்கிய நாளான ஜூன் 6 முதல் முழு 20,000-க்கும் வட்டி ஓடும். ஆண்டுக்கு 36 சதவீதம் என்று கொண்டால் 49 நாளைக்கு 966. பிறகு மீதி 1,000-க்கு அடுத்த பில் வரை 11 நாள் வட்டி 11 சேர்ந்து மொத்தம் 977. ஆயிரம் பாக்கி வைத்ததற்கு ஏறக்குறைய ஆயிரம் வட்டி! மாதம் 80 வீதம் ஒரு வருடம் சேர்த்த லாபம் ஒரே பில்லில் போய்விட்டது. பாக்கித் தொகைக்கு மட்டும் வட்டி போடும் கார்டுகளும் உண்டு. எந்த வகை என்பது கார்டோடு வரும் விதிமுறைத் தாளில், வட்டி கணக்கிடும் முறை என்ற பகுதியில் இருக்கும். கார்டு வாங்குவதற்கு முன் படிக்க வேண்டிய ஒரே பகுதியைச் சொல்லச் சொன்னால் அதைத்தான் சொல்வேன்.

சேதம் அந்த வட்டியோடு நிற்பதும் இல்லை. பாக்கி இருக்கும் வரை, புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய அன்றே வட்டி தொடங்கிவிடும். மளிகை, பெட்ரோல், மருந்து எல்லாவற்றுக்கும். பாக்கி உள்ள கார்டில் புதுச் செலவு செய்வதை நிறுத்திவிட்டு, கையில் இருக்கும் பணத்தில் செலவு செய்வதுதான் முதல் வைத்தியம்.

பலரைக் குழப்பும் இன்னொன்று: ‘போன மாதம் பில் முழுவதையும் கட்டிவிட்டேன், ஆனாலும் இந்த மாதம் சிறிய வட்டி வந்திருக்கிறதே?’ அதற்கு முந்தைய மாதம் பாக்கி வைத்தவருக்கு மட்டுமே இது வரும். பில் போட்ட நாளுக்கும் அவர் பணம் கட்டிய நாளுக்கும் இடையே ஓடிய வட்டி அது. பில் அச்சாகும்போது அந்த நாட்கள் இன்னும் வரவில்லை, அதனால் அடுத்த பில்லில் வருகிறது. வங்கியின் பிழை என்று நினைத்து அதைக் கட்டாமல் விட்டால் அந்தச் சில்லறைத் தொகைக்கே தாமதக் கட்டணம் விழலாம். பாக்கியிலிருந்து வெளியே வருகிறவர்கள் அடுத்தடுத்து இரண்டு பில்களில் பாக்கி பூஜ்யம் என்று பார்த்த பிறகே முடிந்தது என்று கொள்ள வேண்டும்.

‘குறைந்தபட்சத் தொகை’, பேச்சுவழக்கில் மினிமம் டியூ, தகுதிக்கு மேல் நல்ல பெயர் பெற்ற ஒன்று. அதைக் கட்டினால் தாமதக் கட்டணம் வராது, கடன் வரலாற்றில் கறுப்புப் புள்ளி விழாது. அதற்கு மட்டும்தான் அது பயன்படும். வட்டியை அது தடுப்பதில்லை. மாதம் 3 சதவீத வட்டி ஏறி, வட்டி சேர்ந்த மொத்தத்தில் 5 சதவீதம் கட்டினால், மாத முடிவில் கடன் முந்தைய மாதத்தின் 97.85 சதவீதமாக நிற்கும். புதிதாக எதுவுமே வாங்காமல் இருந்தாலும் கடன் பாதியாகக் குறைய 32 மாதம் ஆகும். பாதியாக மட்டும்.

இங்கே ஆட்டோ டெபிட் பற்றிச் சொல்லியாக வேண்டும். சேமிப்புக் கணக்கிலிருந்து பில் தானாகப் போகும்படி பதிவு செய்யும் படிவத்தில் ‘முழுத் தொகை’, ‘குறைந்தபட்சத் தொகை’ என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். இரண்டாவதை டிக் செய்துவிட்டு, எல்லாம் தானாக நடக்கிறது என்று நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. பில்லைத் திறந்து பார்க்கும் பழக்கமும் அதோடு போய்விடுவதால் வட்டி ஏறுவது பல மாதம் கண்ணில் படாது. முழுத் தொகையைத் தேர்ந்தெடுங்கள். கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்பே கணக்கில் பணம் இருக்கட்டும். பணம் இல்லாமல் டெபிட் திரும்பினால் சேமிப்புக் கணக்கு வங்கி ஒரு கட்டணமும், கார்டு கம்பெனி ஒரு கட்டணமுமாக இரண்டு அடி. கையால் கட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கார்டுக்குப் பணம் போய்ச் சேர்ந்த நாள்தான் கணக்கு, நீங்கள் அனுப்பிய நாள் அல்ல. வேறு வங்கியிலிருந்து அனுப்பும்போது நடுவில் விடுமுறை வந்தால் தாமதமாகலாம். மூன்று நாள் முன்னதாக அனுப்பிவிட்டால் கவலையில்லை.

சம்பளம் 1-ஆம் தேதி வருகிறது, கடைசி நாளோ 25 என்றால் மாதந்தோறும் இழுபறிதான். பில் தேதியை மாற்றித் தரும்படி கேட்டால் பல கம்பெனிகள் மாற்றித் தரும். 15-ஆம் தேதிக்கு மாற்றினால், 20 நாள் கழித்து 5 வாக்கில் கட்ட வேண்டி வரும். சம்பளம் வந்த சூட்டோடு பில் போய்விடும். கேட்காதவர்களே அதிகம்.

பொருளைத் திருப்பிக் கொடுத்த பணம் கார்டுக்கு வர வேண்டியிருக்கும்போது, அதைக் கழித்துக்கொண்டு மீதியைக் கட்டுவதும் அடிக்கடி நடக்கும் தவறு. பில் போட்ட பிறகு வரும் ரீஃபண்டைப் பல கார்டுகள் ‘கட்டிய பணம்’ என்று கருதுவதில்லை. பில்லில் உள்ளதை முழுதாகக் கட்டிவிடுங்கள். ரீஃபண்ட் அடுத்த பில்லில் கழியும்.

கார்டைப் போட்டு ஏடிஎம்மில் பணம் எடுத்தால் வட்டியில்லாக் காலம் என்ற பேச்சே இல்லை. எடுத்த கணமே வட்டி, அதற்கு மேல் கட்டணம். அவ்வளவுதான்.

இப்போது சேமிப்புக் கணக்கின் பக்கம் வருவோம். தினசரி இருப்பை வைத்து வட்டி போடும் கணக்கில் 50,000 முப்பது நாள் இருந்தால், 3 சதவீதத்துக்கு 123 கிடைக்கும். மாதத்தின் மிகக் குறைந்த இருப்பை வைத்துப் போடும் கணக்கில், இடையில் ஒரே ஒரு நாள் 45,000 எடுத்துவிட்டு மறுநாள் திரும்பப் போட்டாலும் அந்த மாதம் 5,000-க்கு மட்டுமே வட்டி வரும். விகிதம் ஒன்றே, வரவு பத்தில் ஒரு பங்கு. ஆகவே ‘எத்தனை சதவீதம்’ என்று கேட்கும் முன் ‘எந்த இருப்புக்கு’ என்று கேட்க வேண்டும். அதிக விகிதம் விளம்பரப்படுத்தப்படும் கணக்குகளில் அந்த விகிதம் ஒரு வரம்புக்கு மேற்பட்ட தொகைக்கு மட்டும் பொருந்துகிறதா, சில மாதங்களுக்கு மட்டுமா என்பதையும் பார்க்க வேண்டும். வட்டியை மாதாமாதம் வரவு வைத்தால் 6 சதவீதம் ஆண்டு முடிவில் 6.17 ஆகிறது, ஒரு லட்சத்துக்கு 168 கூடுதல். குறைந்தபட்ச இருப்புக்கான அபராதம் இரண்டு முறை விழுந்தாலே அது காணாமல் போய்விடலாம். எனவே வட்டியைவிட அபராதப் பட்டியலை முதலில் படியுங்கள்.

சேமிப்பு இருக்கும்போதே கார்டில் பாக்கி வைத்திருப்பவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. சேமிப்பைத் தொடக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான் காரணம். ஆனால் 10,000-க்கு ஒரு பக்கம் ஆண்டுக்கு 300 வருகிறது, மறு பக்கம் 3,600 போகிறது. அவசரத்துக்கு வேண்டிய தொகையை வைத்துக்கொண்டு மீதியால் கடனை அடைப்பதே சரி.

கடைசியாக, உண்மையாகவே ‘பூஜ்ய வட்டி’ என்று வரும் திட்டங்கள். வேறு கார்டில் உள்ள கடனை இங்கே மாற்றினால் 12 மாதம் வட்டியில்லை, மாற்றுக் கட்டணம் 3 சதவீதம் என்கிறார்கள். 60,000 கடனுக்கு 1,800 சேர்த்து மாதம் 5,150 வீதம் கட்டி முடிக்கலாம். கடன் மாதாமாதம் குறைந்துகொண்டே வருவதால் அந்த 3 சதவீதம் உண்மையில் ஆண்டுக்குச் சுமார் 5.5 சதவீத வட்டிக்குச் சமம். 36-ஐ விட்டு 5.5-க்கு வருவது நல்ல ஏற்பாடு, தயங்காமல் செய்யலாம். ஆனால் கடனே இல்லாதவர் இந்தப் பணத்தை வாங்கிச் சேமிப்பில் போட்டு லாபம் பார்க்கலாம் என்ற யோசனை கணக்கில் நிற்காது. மாதம் 5,000 முதலைத் திருப்பிக்கொண்டே வந்தால் ஆண்டு முழுவதும் சராசரியாகக் கையில் இருப்பது 32,500. நான்கு சதவீதத்துக்கு அது 1,300 தரும். கட்டணமோ 1,800.

இத்தகைய திட்டத்தில் சேரும் முன் மூன்று கேள்வி கேட்டு எழுத்தில் பதில் வாங்க வேண்டும். 12 மாத முடிவில் பாக்கி இருந்தால், வட்டி அந்தப் பாக்கிக்கு மட்டுமா, முதல் நாளிலிருந்து முழுத் தொகைக்குமா? ஒரு தவணை தாமதமானால் பூஜ்ய விகிதம் பறிபோகுமா? அதே கார்டில் புதிதாக வாங்கினால், நான் கட்டும் பணம் முதலில் எந்தக் கடனுக்குப் போகும்? மூன்றாவதுக்கு விடை சரியாக இல்லை என்றால், மாற்றிய கடன் தீரும் வரை அந்தக் கார்டை அலமாரியில் வைத்துவிடுங்கள்.

கடைகளின் ‘வட்டியில்லாத் தவணை’க்கும் ஒரு சோதனை உண்டு. மொத்தமாகக் கட்டினால் என்ன விலை என்று கேளுங்கள். 30,000 பொருளை உடனே கட்டுபவருக்கு 28,500-க்குத் தருகிறார்கள், தவணைக்காரர் 2,500 வீதம் 12 மாதம் கட்டுகிறார் என்றால், வட்டி இருக்கிறது. 1,500 தானே, 5 சதவீதம் என்று தோன்றும். தவணைகளைக் கணக்கில் எடுத்தால் ஆண்டுக்குச் சுமார் 9.6 சதவீதம். செயல்பாட்டுக் கட்டணம் என்று தனியாக ஏதாவது இருந்தால் அதுவும் மேலே ஏறும்.

உங்கள் நிதிப் பக்கத்தில் ‘வட்டி இல்லை’ என்ற சொல் வரும் இடங்களில் பில் தேதி, கடைசி நாள், முழுதாகக் கட்டாவிட்டால் வட்டி எந்த நாளிலிருந்து என்ற மூன்றையும் ஒரே வரியில் சேர்த்து அச்சிட முடியும். இடம் போதாது என்றால், மூன்றாவதை மட்டுமாவது அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்