நவம்பர் வரை ஆடினார்கள்

ஸ்காபரோ,
நவம்பர் 9, 2025

அன்பு மகனுக்கு,

அம்மா உனக்குப் பார்சல் கட்டிக்கொண்டிருக்கிறா. மிளகாய்த்தூள் இரண்டு பை, எள்ளுருண்டை, தடித்த காலுறை நாலு சோடி. உள்ளுக்கு ஒரு கடிதம் எழுதி வையுங்கோ என்று சொன்னா. போனில் எழுதினால் நீ பார்க்கிறாய், இரண்டு நீலக்கோடு விழுகிறது, பதில் இல்லை. கோபத்தில் சொல்லவில்லை. எங்கள் டொரன்டோ புளூ ஜேஸின் பேஸ்போல் ஆட்டங்களைப் பற்றித்தான் எழுத இருந்தேன்.

லொஸ் ஏஞ்சல்ஸ் டொட்ஜர்ஸுடன் உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம் முடிந்து ஒரு கிழமையாகிவிட்டது. முடியும்போது நள்ளிரவு தாண்டி நவம்பர் 2 பிறந்துவிட்டது. பதினோராம் இன்னிங்ஸ், 5-4 பின்னுக்கு நிற்கிறோம், எங்கள் வ்ளாடி மூன்றாம் பேஸில் நிற்கிறார், இன்னும் தொண்ணூறு அடி ஓடினால் சமன். அம்மாவின் செல்லப்பிள்ளை கேர்க் அடித்தார், மட்டை உடைந்தது, ஒரே பந்தில் இரண்டு பேர் அவுட். முடிந்தது. அம்மா ஒன்றும் பேசாமல் எழும்பிப் போய் சாமி விளக்கைத் தணித்தா. நான் ரீவியை நிற்பாட்டவில்லை. வ்ளாடி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார், பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கடையில், கோயிலில், எங்கே போனாலும் தோற்றுப்போனோம் என்றுதான் கதை. எனக்கு அப்படி இல்லை. போன வருசம் 74 ஆட்டந்தான் வென்றார்கள், எங்கள் பிரிவில் கடைசி இடம். இந்த வருசம் 94. யாங்கீஸை வென்று, சியாட்டிலை ஏழாவது ஆட்டத்தில் வென்று, 1993க்குப் பிறகு முதல் தடவையாக உலகத் தொடருக்குப் போனார்கள். 32 வருசம். டொட்ஜர்ஸ் எங்களைவிட ஒரு ஆட்டம் கூடுதலாய் வென்றார்கள், அவ்வளவுதான். என் நெஞ்சு நிறைந்து கிடக்கிறது. அதை ஆரிடம் சொல்வது? உன்னிடந்தான் சொல்ல வேண்டும். வேறு ஆருக்கு அது விளங்கும்?

ஒக்டோபர் 20, சியாட்டிலுடன் கடைசி ஆட்டம், நீ பார்த்திருப்பாய். ஏழாம் இன்னிங்ஸ், 3-1 பின்னுக்கு நிற்கிறோம், இரண்டு பேர் பேஸில். ஸ்பிரிங்கர் வருகிறார். 36 வயது, முந்தின ஆட்டம் ஒன்றில் முழங்காலில் பந்து பட்டு நொண்டின மனிசன். அடித்தார். பந்து இடப்பக்கச் சுவரைத் தாண்டிப் போகும்போது எங்கள் கட்டடம் முழுக்கக் கத்தியது. பதினாலாம் மாடியில் இருந்து நிலக்கீழ் வரைக்கும், ஒவ்வொரு பல்கனியிலும் ஆட்கள். பக்கத்து வீட்டுக் கயானாக்காரர் கதவைத் தட்டி என்னைக் கட்டிப்பிடித்தார். அம்மா அழுதா. நான் ஒரு கையில் போனை வைத்துக்கொண்டே நின்றேன்.

பெரிய அடி விழுந்தால் நீ "அப்பா" என்று ஒரு சொல் எழுதுவாய். வேறொன்றும் இல்லை, அந்த ஒரு சொல். நீ ஹலிஃபக்ஸ் போன பிறகும் அது நிற்கவில்லை. நான் "ஓம் மகன்" என்று எழுதுவேன். ஸ்பிரிங்கர் அடித்த இரவு நீ எழுதவில்லை. நித்திரையாக்கும் என்றா அம்மா. நானும் ஓம் என்றேன்.

ஆனால் ஒரு கிழமை கழித்து உலகத் தொடரில் அந்த 18 இன்னிங்ஸ் ஆட்டம். லொஸ் ஏஞ்சல்ஸில் முடியும்போது இங்கே விடியற்காலை மூன்று மணி ஆகப்போகிறது. உனக்கு நாலு மணி. டொட்ஜர்ஸின் ஃப்ரீமன் அடித்து முடித்துவைத்தார், நான் போனைப் பார்த்தேன், நீ ஒன்லைன் என்று காட்டியது. வேலைநாள், செவ்வாய்க்கிழமை விடிகிறது. முந்தி ஏழு மணிக்கு வேலைக்குப் போகவேண்டும் என்று பத்துமணிக்கே படுக்கிற பிள்ளை. ஆட்டம் பார்த்துக்கொண்டு இருந்திருப்பாய். அப்படித்தான் இருக்கவேண்டும்.

நித்திரை முக்கியம், மகன். நேரத்துக்குச் சாப்பிடு. கடைச் சாப்பாட்டை விட ஒரு சோறு, ஒரு பருப்பு போதும், குக்கரில் இருபது நிமிடம். அங்கே கடல்காற்று, காதை மூடிக்கொண்டு வெளியே போ.

உனக்கு 1992ஆம் ஆண்டுக் கதை மனப்பாடம். ஆனாலும் இந்த ஒக்டோபர் முழுக்க எனக்கு அதுதான் நினைவு. அப்போது நான் உணவகத்தில் கோப்பை கழுவினேன். தொட்டிக்கு மேலே ஒரு ரேடியோ. ஜமேக்காச் சமையல்காரர் எனக்கு ஆட்டம் சொல்லித்தந்தார், மூன்று ஸ்ட்ரைக், நாலு போல், பேஸில் இருப்பவன் எப்போது ஓடவேண்டும் என்று மாவைத் தூவிக் கோடு கீறிக் காட்டுவார். தென்னைமட்டையில் கிரிக்கெட் அடித்த எனக்கு, அடித்துவிட்டு மட்டையை எறிந்துவிட்டு ஓடுவது முதலில் மரியாதைக்கேடாய்த்தான் தெரிந்தது. ஒக்டோபர் 24, அட்லாண்டாவில் ஆறாவது ஆட்டம். அதுவும் பதினோராம் இன்னிங்ஸ்தான். 41 வயது வின்ஃபீல்ட் இரண்டு ஓட்டம் அடித்துக் கொடுத்தார். கடைசியில் அட்லாண்டாவின் நிக்சன் பந்தை மெல்லத் தட்டிவிட்டு ஓடினார், எங்கள் டிம்லின் எடுத்து முதல் பேஸில் நின்ற ஜோ காட்டருக்கு எறிந்தார். அமெரிக்காவுக்கு வெளியே ஒரு அணி உலகத் தொடரை வென்றது அதுதான் முதல் தடவை.

ஏப்ரனோடு யங் வீதிக்கு ஓடினேன். நான் ஊரைவிட்டு வந்து இரண்டு வருசம். எனக்குத் தெரிந்த கூட்டம் இரண்டு விதம், கோயில் கூட்டம், இடம்பெயர்ந்து ஓடுகிற கூட்டம். ராத்திரியில் பெருஞ்சத்தம் கேட்டால் பங்கருக்குள் இறங்கித்தான் பழக்கம். அன்றைக்கு ஆயிரமாயிரம் பேர் கத்துகிறார்கள், ஹோன் அடிக்கிறார்கள், ஒருத்தருக்கும் பயமில்லை. பெயர் தெரியாத ஒரு கிழவி என் முகத்தைப் பிடித்துக் கன்னத்தில் கொஞ்சினா. அந்த இரவில்தான் இது என் ஊர் என்று எனக்குள் ஒரு சொல் வந்தது. பிரஜாவுரிமைப் பத்திரம் பிறகுதான் வந்தது.

அடுத்த வருசம் ஜோ காட்டர் ஒன்பதாம் இன்னிங்ஸில் அடித்து உலகத் தொடரை மறுபடி வென்று தந்ததை அம்மாவும் பார்த்தா. அம்மா வந்து மூன்று மாதம். வெளியில் ஹோன் சத்தம் கேட்டு அவ பயந்ததும் நான் யன்னலைத் திறந்து காட்டியதும் உனக்குத் தெரியும்.

பிறகு நீ பிறந்தாய், 1995. அதற்கு முன்னமே எல்லாம் நின்றுபோனது. 1994இல் வேலைநிறுத்தம் என்று உலகத் தொடரே நடக்கவில்லை. அதற்குப் பிறகு 2015 வரைக்கும் எங்கள் அணிக்கு ஒக்டோபர் என்று ஒன்று இருக்கவில்லை. உன் இருபது வயது வரைக்கும் நீ ஒருநாளும் ஒரு பெரிய ஆட்டம் காணவில்லை. ஆனாலும் விட்டுப் போகவில்லை. மற்றப் பிள்ளைகள் யாங்கீஸ் தொப்பி போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போன காலத்தில் நீ நீலத் தொப்பிதான். நான் அதைக் கோயிலில்கூட எல்லாருக்கும் சொல்லித் திரிந்தேன். உன் கணக்குப் பரிசைவிட அதுதான் எனக்குப் பெருமை, அதை உனக்குச் சொன்னேனோ தெரியாது.

2003 செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை, டெட்ரோயிற்றுடன். உனக்கு எட்டு வயது. உச்சியில் ஐந்நூறாம் தட்டு, மலிவு டிக்கெட், அம்மா சுற்றித் தந்த ரோல்ஸ். ரோய் ஹாலடே பத்து இன்னிங்ஸும் தனியாகவே எறிந்தார், 99 பந்து, 1-0. நீ ஒவ்வொரு பந்துக்கும் கொப்பியில் கோடு போட்டாய். அந்தக் கொப்பி இருக்கிறது. போன கிழமை எடுத்துப் பார்த்தேன். ஒன்பதாம் இன்னிங்ஸில் கை களைத்துக் கோடு சரிந்து போகிறது, ஆனால் ஒன்றையும் விடவில்லை.

ஹாலடேயைப் பற்றி உனக்கு நான் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்கிறேன். 2000ஆம் ஆண்டு அவர் எறிந்தால் ஒன்பது இன்னிங்ஸுக்குப் பத்து ஓட்டத்துக்கு மேல் போனது. 10.64. ஒரு வருசத்தில் ஐம்பது இன்னிங்ஸுக்குக் குறையாமல் எறிந்தவர்களில் அதைவிட மோசமாய் ஒருத்தருக்கும் போனதில்லை. அடுத்த வருசம் அவரை டனீடினுக்கு, பள்ளிக்கூடம் முடித்த பொடியங்கள் ஆடுகிற அடித்தட்டுக்கு அனுப்பினார்கள். கை எங்கேயிருந்து வரவேண்டும், பந்தை எப்படிப் பிடிக்கவேண்டும், எல்லாம் முதலிலிருந்து. அதே வருசம் திரும்பி வந்தார். நாங்கள் பார்த்த 2003இல் சை யங் விருது, பந்து எறிபவர்களுக்குப் பெரிய விருது. இந்த வருசம் எங்களுக்குப் பந்து எறிகிற பொடியன் யெசவேஜும் ஏப்ரலில் அதே டனீடினில்தான் நின்றார், ஒக்டோபரில் உலகத் தொடரில் ஒரே ஆட்டத்தில் பன்னிரண்டு பேரை ஸ்ட்ரைக்கில் அனுப்பினார். 22 வயது. அடித்தட்டுக்குப் போவது வெட்கமில்லை, மகன். வேலை என்றால் வரும், போகும். சாப்பாட்டை மட்டும் விடாதே.

இந்த இடத்தில் பேனையை வைத்துவிட்டு ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தேன்.

நீ வேலையை விட்டுவிட்டாயோ, அல்லது நிற்பாட்டினார்களோ என்று கேட்கத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வந்திருக்கிறேன். சின்னமாமியின் மகளின் கலியாணத்துக்கு நீ வராமல் விட்டதிலிருந்து எனக்கு அந்த யோசனை. நேரே கேட்க வாய் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

2016 ஒக்டோபர் 4. என்கார்னாசியோன் அடித்த இரவு. அது ஒரு செவ்வாய்க்கிழமை. வோட்டர்லூவில் வகுப்பு இருக்கிற நாள். நீ பஸ் பிடித்து வந்து சப்பாத்தும் கழற்றாமல் வாசலில் நின்று, "அப்பா, ஒரு விசயம்" என்றாய். நான் கையைத் தூக்கினேன். 2-2, பத்தாம் இன்னிங்ஸ். "இரு தம்பி, இது முடியட்டும்." திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நீ வந்து பக்கத்தில் இருந்தாய். பதினோராம் இன்னிங்ஸ், என்கார்னாசியோனுக்கு முதல் பந்து, மூன்று ஓட்டம், 5-2. நான் துள்ளி எழும்பி உன்னைக் கட்டிப்பிடித்தேன். நீ என் தோளில் விக்கி விக்கி அழுதாய். என் பிள்ளைக்கு எவ்வளவு சந்தோசம் என்று நினைத்தேன். அப்படியே நினைத்துக்கொண்டு படுத்தேன். விடிய நீ போய்விட்டாய்.

நீ படிப்பை அந்தச் செப்டம்பரிலேயே விட்டுவிட்டாய் என்று ஜனவரியில் கடிதம் வந்தபோது, நான் என்ன பேசினேன் என்று இங்கே எழுதமாட்டேன். உனக்குச் சொல் சொல்லாய் நினைவிருக்கும். ஏன் எங்களுக்கு ஒளித்தாய் என்று கத்தினேன். நீ ஒளிக்கவில்லை. சொல்ல வந்தாய். நான்தான் கையைத் தூக்கினேன். இது எனக்கு ஒரு வருசத்துக்குப் பிறகு, ஹாலடே, நாங்கள் டொக் என்கிற அவர், விமானம் விழுந்து செத்த அன்றைக்கு நீ போன் எடுத்தாயே, அப்போதுதான் விளங்கியது. பத்து மாதம் பேசாத பிள்ளை "அப்பா, டொக் போயிட்டார்" என்று அழுதபோது, இந்த அழுகையை நான் முந்தியும் கேட்டிருக்கிறேன் என்று தெரிந்தது. தெரிந்தும் அன்றைக்கும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. பிறகு இரண்டு பேரும் ஆட்டத்தைப் பற்றி மட்டும் கதைத்தோம். எட்டு வருசமாய் "அப்பா", "ஓம் மகன்". எனக்கு அது போதும் என்று இருந்தேன். உனக்குப் போதாமல் இருந்திருக்கும்.

என்னை மன்னி, மகன். இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை, எள்ளுருண்டையை இன்னொரு பை போட்டா.

முதலாவது ஆட்டத்தில் ஒரு பொடியன், பார்ஜர், நாலு ஓட்ட ஹோம் ரன் அடித்தானே, உலகத் தொடரில் மாற்றாய் இறங்கி அப்படி அடித்த முதல் ஆள். அவன் முதல்நாள் இரவு கூட்டாளியின் ஹோட்டல் அறையில், இழுத்து விரிக்கிற சோபாவில் படுத்தவனாம். அம்மாவுக்கு அது பிடித்துப்போனது. எங்கட சோபாவும் விரியும் என்றா. உன் அறையும் அப்படியேதான் இருக்கிறது, தையல் மெசினை மட்டும் எடுத்துவிட வேண்டும்.

இப்போது ஆட்டம் ஒன்றும் இல்லை. மார்ச் கடைசி வரைக்கும் இல்லை. ரீவி துணி போட்டு மூடிக்கிடக்கிறது. எத்தனை மணியானாலும் எடு. மூன்று மணி என்றாலும் எடு.

காலுறை சின்னதாய் இருந்தால் சொல்லு, அம்மா மாற்றித் தருவா.

அன்புடன்,
அப்பா