மறதி நோய் என்று எழுதுமுன் கல்லீரலையும் பாருங்கள்

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் மதுரை மாவட்ட அலுவலர்களுக்கு,

வணக்கம். கீழமாரட் வீதியில் வெங்காய மண்டி நடத்தியவர் என் அப்பா. நாற்பது ஆண்டுகள் மூட்டைக் கணக்கை மனத்திலேயே கூட்டியவர், ஒருநாள் பேரேட்டில் ஒரே வரவை மூன்று முறை எழுதிவைத்திருந்தார். பகலெல்லாம் தூக்கம், இரவெல்லாம் விழிப்பு. கையை நீட்டினால் மணிக்கட்டு உதறியது. மலச்சிக்கல் வந்த நாள்களில் குழப்பம் கூடியது. இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க எங்களுக்குத் தோன்றவில்லை. மருத்துவர் ஒருவர், மறதி நோய், வயதானால் இப்படித்தான் என்று மாத்திரை எழுதினார்.

பீரோவில் பழைய ஸ்கேன் அறிக்கை ஒன்று கிடந்தது: கல்லீரலில் கொழுப்பு, இரண்டாம் நிலை. அப்பா சர்க்கரை நோயாளி; சொட்டு மது தொடாதவர். குடிக்காதவருக்கு ஏது கல்லீரல் நோய் என்று அதை அன்றே மூடி வைத்துவிட்டோம்.

கொழுப்பு படிந்த கல்லீரல் சிலருக்கு ஆண்டுக்கணக்கில் தழும்பேறிச் சுருங்கிவிடும். குடலில் உண்டாகும் அம்மோனியாவை யூரியாவாக மாற்ற அதனால் முடியாமல் போக, நஞ்சு மூளைக்கு ஏறுகிறது. அப்பாவின் குழப்பத்துக்கு இதுதான் காரணம் என்று கண்டுபிடித்தவர் வேறொரு மருத்துவர். ஒரு நிமிடத்துக்குள் தெரிந்த விலங்குகளின் பெயர்களைச் சொல்லச் சொன்னார். ஆடு, மாடு, நாய் என்று தொடங்கிய அப்பா, மறுபடியும் ஆடு என்றார். மலத்தை இளக்கி அம்மோனியாவை வெளியேற்றும் லாக்டுலோஸ் சிரப் கொடுத்த பத்தாம் நாள், “பெல்லாரி என்ன விலைக்குப் போகிறது?” என்று அவராகவே கேட்டார்.

அமெரிக்காவில் மறதி நோயாளிகளாகப் பதிவான முன்னாள் படைவீரர்களைப் பற்றி 2024இல் வெளிவந்த ஆய்வில், ஏறத்தாழ 10 சதவீதம் பேருக்குக் கல்லீரல் சுருங்கியிருக்கலாம் என்று ரத்தப் பரிசோதனைக் கணக்கு காட்டியது. சுருக்கம் வரை போகாத கொழுப்புக்கும் மூளையின் அளவு சற்றுக் குறைவதற்கும் தொடர்பு இருப்பதை, அமெரிக்காவில் பல்லாண்டுகளாக நடக்கும் ஃபிரேமிங்ஹாம் ஆய்வு 2018இல் சொன்னது. தொடர்புதான், காரணம் என்று அது சொல்லவில்லை.

வாசல்வரை வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறீர்கள். மத்திய அரசின் தொற்றா நோய்த் திட்டத்தில் கொழுப்புக் கல்லீரல் 2021இலேயே சேர்ந்துவிட்டது. சர்க்கரை உள்ள ஒருவர் தடுமாறிப் பேசினால் கல்லீரல் நொதிகளான எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி, ரத்தத் தட்டணுக்கள் மூன்றையும் பார்க்க எழுதிக்கொடுங்கள். அவற்றோடு வயதையும் சேர்த்தால், கல்லீரல் தழும்பேறியிருக்கிறதா என்று கணிக்கும் ஃபிப்-4 கணக்கு வந்துவிடும். அதற்குக் கைபேசியே போதும். பழைய ஸ்கேன் அறிக்கை இருக்கிறதா என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். பீரோவைத் திறந்து தேட வீட்டில் யாராவது இருப்பார்கள்.

இப்படிக்கு,
வெங்காய மண்டிக்காரரின் மகள்