படகுகள் தண்ணீரில் இறங்கிவிட்டன: கூட நின்றவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லோருக்கும்,

வணக்கம். இரண்டு படகுகளும் மிதக்கின்றன. பழைய மரப்படகில் கசிவு நின்று, இப்போது துடுப்புப் போட ஆள் தேடிக்கொண்டிருக்கிறது. பிளைவுட்டில் கட்டிய குட்டிப் பாய்ப்படகு பெயின்ட் காய்ந்ததும் பிள்ளைகள் கைக்குப் போய்விட்டது. இனி அதை நான் கேட்டு வாங்கித்தான் ஓட்ட வேண்டும். உதவியவர்களில் பலர் பெயர் போட வேண்டாம் என்றார்கள். அதனால் எதற்கு நன்றி என்பதை மட்டும் எழுதுகிறேன். படிக்கும்போது யார் யார் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

இடம் கொடுத்தவர்கள், கருவி கொடுத்தவர்கள், ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்தவர்கள் எல்லோருக்கும் நன்றி உண்டு. ஆனால் இந்த மடலில் பெரிய பங்கு, “வேண்டாம், நிறுத்து” என்று சொன்னவர்களுக்குத்தான். படகு கட்டப்போகிறேன் என்றால் தட்டிக்கொடுக்க நிறையப் பேர் இருக்கிறார்கள். ரம்பத்தை எடுக்கும் நேரத்தில் கையைப் பிடிக்கிறவர்கள் குறைவு. எனக்கு அப்படிப் பலர் வாய்த்தார்கள்.

முதல் நன்றி, ஆயுள் முழுக்கப் படகு கட்டிய பெரியவருக்கு. ஐயா, நான் காட்டிய வெடித்த பலகையை நீங்கள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பேனாக்கத்தியை எடுத்துக்கொண்டு நேராக மேல்விளிம்புக்குப் போனீர்கள். பின்பலகையின் மூலைகள், குறுக்குப் பலகைகள் முட்டும் இடங்கள், மழைத்தண்ணீர் தேங்கும் பள்ளங்கள் என்று குத்திக்குத்திப் பார்த்தீர்கள். கத்தி வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது அங்கேதான். மரத்தை உளுக்க வைக்கும் பூஞ்சைக்கு மரத்தில் ஏறக்குறைய 20 சதவீதத்துக்கு மேல் ஈரம் வேண்டும், காற்றும் வேண்டும். உப்புத்தண்ணீரில் அது சுலபமாக வளராது. மழைத்தண்ணீர்தான் அதற்கு வசதி. கடலில் கிடந்த படகுகூட மேலேயிருந்துதான் உளுக்கத் தொடங்கும் என்று அன்று நீங்கள் சொன்ன பிறகுதான், படகுக்கு மேல் காற்றோட்டத்தோடு ஒரு கூரை போடுவது எவ்வளவு பெரிய காரியம் என்று புரிந்தது.

அதைவிடப் பெரிய உதவி, “எல்லாத்தையும் பிரிச்சுடாதே” என்றது. உளுத்த பலகைகளையும் உடைந்த வங்குக்கால்களையும் (விலா எலும்புபோல உள்ளே வளைந்து நிற்கும் மரங்கள்) மொத்தமாகக் கழற்றிவிட்டுப் புதிதாகப் போட்டால் வேலை சுத்தமாக இருக்கும் என்பது என் திட்டம். பழைய படகில் ஏராவும் (அடியில் நீளமாக ஓடும் முதுகெலும்பு மரம்) பலகைகளும் வங்குக்கால்களும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டுதான் அந்த வளைவு நிற்கிறது. மொத்தமாகக் கழற்றினால் மிஞ்சுவது விறகு. நீங்கள் சொன்ன முறை வேறு: முதலில் கீழே தாங்கல், உள்ளே குறுக்கே முட்டு, உடலின் வளைவுக்கு அச்சு. அப்புறம் ஒன்றுவிட்டு ஒன்றாக வங்குக்கால். பலகை என்றால் ஒரு நேரத்தில் ஒன்று, பழைய பலகையையே அளவாக வைத்து. புதியது ஏறி ஆணி அடித்து முடியும்வரை பழையதை எறியக் கூடாது. இப்படிச் செய்தால் நேரம் பிடிக்கிறது, உண்மைதான். ஆனால் படகின் முகம் மாறவில்லை.

இந்தப் படகு பலகைமேல் பலகை ஏறி அமரும் கிளிங்கர் வகை. வடக்கு ஐரோப்பாவில் வைகிங்குகளுக்கும் முன்பிருந்தே வரும் முறை. மேலேறிய இடத்தில் செப்பு ஆணியை வெளியிலிருந்து அடித்து, உள்ளே ஒரு செப்பு வட்டைக் கோத்து, மிச்ச நுனியை வெட்டிவிட்டு, வெட்டிய முனையை வட்டின்மேல் தட்டிப் பரப்ப வேண்டும். தனி ஆளால் முடியாது. உள்ளே ஒருவர் சுத்தியோடு, வெளியே ஒருவர் ஆணித்தலையில் கனமான இரும்பை அழுத்திக்கொண்டு. நடுவில் படகு இருப்பதால் ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. ஒரு தட்டு என்றால் தயார், இரண்டு என்றால் அடுத்த ஆணி என்று எங்களுக்குள் ஒரு பாஷை வந்துவிட்டது. வெளியே இரும்பைப் பிடித்தவர் என் மனைவி. கை வலியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் வேகத்தைப் பற்றி நிறையச் சொன்னார்.

மரக்கடை அண்ணா, வங்குக்காலுக்கு நான் எடுத்துவைத்த அழகான மரத்தை விற்க மறுத்தீர்கள். சூளையில் உலர்த்திய மரம் ஆவியில் சரியாக வளையாது, விரிசல் விடும். ஓரளவு பச்சையாக, நார் நேராக ஓடும் மரம் வேண்டும் என்று அனுப்பிவைத்தீர்கள். 25 மில்லிமீட்டர் தடிமனுக்கு ஒரு மணி நேரம் ஆவி என்பது எல்லோரும் சொல்லும் கணக்கு. யாரும் அழுத்திச் சொல்லாதது, ஆவிப் பெட்டியைத் திறந்ததும் நடப்பது: மரம் வளைய இசைவது சில நொடிகள்தான். அதற்குள் ஓடிவந்து, வைத்து, அழுத்தி, கிளாம்ப் போட வேண்டும். கையுறை மாட்டிக்கொண்டு வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் நன்றி. ஆவிப் புகையைப் பார்த்துவிட்டு என்ன தீப்பிடித்தது என்று வாளியோடு ஓடிவந்த பக்கத்து வீட்டுக்காரருக்கும்.

திருகாணி கேட்டுப் போனபோது பித்தளையை எடுத்து உள்ளே வைத்துவிட்டவருக்கும் இங்கே ஒரு வணக்கம். பித்தளையில் செம்போடு துத்தநாகம் இருக்கிறது. கடல்நீர் அந்தத் துத்தநாகத்தை மெல்ல உருவிவிடும். வெளியே ஆணி முழுசாகத் தெரியும், ஆனால் இளஞ்சிவப்பாகி, திருப்பினால் பிஸ்கட்டாக உதிரும். சிலிக்கான் வெண்கலம் விலை கூடுதல்தான். தண்ணீருக்குக் கீழே அதுதான் சரி.

அடுத்தவரை நினைத்தால் இன்னும் வியப்பாக இருக்கிறது. ஃபைபர் கிளாஸ், அதாவது கண்ணாடியிழைப் படகு செய்வதுதான் அவர் தொழில். பழைய படகுக்கு வெளியே கண்ணாடியிழைப் போர்வை போட்டுவிட்டால் கசிவுக்கு ஒரே தீர்வு என்று அவரிடமே போனேன். வந்த வேலையை வேண்டாம் என்றார். மரப்பலகை ஈரத்துக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும்; மேலே ஒட்டிய இறுகிய தோல் கூடவே அசையாது. எங்காவது ஒட்டு விட்டுப்போகும், நடுவில் புகுந்த தண்ணீருக்கு வெளியே வர வழி இருக்காது, மரம் உள்ளுக்குள்ளேயே உளுக்கும். புதிதாக பிளைவுட்டில் கட்டும் படகுக்குக் கண்ணாடியிழை நல்லது, ஆணியில் நிற்கும் பழைய பலகைப் படகுக்கு அது எமன் என்றார். தன் வருமானத்துக்கு எதிராக ஆலோசனை சொல்கிற ஆளை நம்பாமல் யாரை நம்புவது?

கசிவு விஷயம் அதோடு முடியவில்லை. நீண்ட நாள் கரையில் கிடந்த மரப்படகை இறக்கினால் முதலில் சல்லடைதான். இடுக்கு முழுக்க இறுகும் பூச்சை அடைத்துவிடலாம் என்று கை துறுதுறுத்தது. “காய்ஞ்ச நிலையில் அடைத்தால், மரம் ஊதும்போது இடம் கேட்கும், இடம் இல்லாவிட்டால் ஆணியை இழுக்கும், வங்குக்காலை உடைக்கும்” என்று தடுத்தார்கள். அதனால் உள்ளே நனைத்த சாக்குகளைப் போட்டு வைத்தோம். அப்புறம் ஆழமில்லாத இடத்தில் இறக்கி, கயிற்றில் கட்டி, முறைபோட்டு இறைத்தோம். அந்த இரவில் விழித்திருந்த நண்பர்களே, உங்களுக்குத் தனி நன்றி. முதலில் வாளி, பிறகு குவளை, விடியும் நேரத்தில் துணியால் துடைத்தால் போதும் என்றாகியது. இரவு முழுக்க “மூழ்கிடுச்சா?” என்று கேட்டுக்கொண்டே தூங்கியவரையும் மறக்கவில்லை.

குட்டிப் படகுக்கு வருகிறேன். அதற்கு நன்றி சொல்ல வேண்டியவர்களில் சிலரை நான் பார்த்ததே இல்லை. 1947-இல் ஃபுளோரிடாவின் கிளியர்வாட்டரில் கிளார்க் மில்ஸ் பிள்ளைகளுக்காக 8 அடிக்குள் அடங்கும் ஆப்டிமிஸ்ட் படகை பிளைவுட்டில் வடிவமைத்தார். 1962-இல் பிரிட்டனில் ஜாக் ஹோல்ட்டும், தொலைக்காட்சியில் வீட்டுவேலை கற்றுத்தந்த பேரி பக்னெலும் சேர்ந்து மிரர் படகைக் கொண்டுவந்தார்கள். பலகைகளைச் செப்புக் கம்பியால் தைத்து, இணைப்புகளில் பிசினும் கண்ணாடியிழை நாடாவும் ஒட்டுவது. தச்சர் இல்லாதவரும் வீட்டில் கட்டலாம். 70,000-க்கும் மேல் கட்டப்பட்டிருக்கின்றன. அதே 1962-இல்தான் டென்மார்க்கின் ரோஸ்கில்டே அருகே ஸ்குல்டெலெவ் வைகிங் கப்பல்களைத் தோண்டி எடுத்தார்கள். அவற்றில் ஒன்றைப் போலவே கட்டிய கப்பல் 2007-இல் டப்ளின் வரை போனது. என் இரண்டு படகுக்கும் மூதாதைகள் ஒரே ஆண்டில் வெளிச்சத்துக்கு வந்தார்கள் என்று நினைத்துக்கொள்வது எனக்குப் பிடித்திருக்கிறது. இதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

பிளைவுட் வாங்கியதில் ஒரு கசப்பு. ‘மரைன்’ என்று முத்திரை குத்தி வந்த தாளை வெட்டினால் நடு அடுக்கில் விரல் நுழையும் ஓட்டை. யார் விற்றது என்பதை விட்டுவிடுவோம். பி.எஸ். 1088 தரம் (படகு பிளைவுட்டுக்கான பிரிட்டிஷ் தரம்) என்று அச்சடித்திருந்தாலும் ஒரு துண்டை வெட்டி வேகவைத்துப் பார் என்று சொன்ன தச்சர் தம்பிக்கு நன்றி. அவர் காட்டிய வேறொரு தாளின் துண்டு பல மணி நேரம் கொதித்தும் அடுக்கு பிரியவில்லை. அந்தத் தாளில்தான் கட்டினேன். 6 மில்லிமீட்டர் தாளோடு இன்னொன்றை ஒட்டி நீட்ட, இரண்டின் ஓரத்திலும் 48 மில்லிமீட்டர் சரிவு, அதாவது எட்டுக்கு ஒன்று, என்று இழைப்புளி பிடிக்கவும் அவர்தான் கற்றுத்தந்தார்.

வேதியியல் ஆசிரியை அக்கா இல்லாவிட்டால் எப்பாக்ஸி (கடினமாக்கியோடு கலந்தால் இறுகும் பிசின்) பக்கம் போயிருக்கவே மாட்டேன். சீக்கிரம் இறுகட்டும் என்று கடினமாக்கியைக் கூட்டி ஊற்றக் கூடாது. பாலியெஸ்டர் பிசினில் வேகத்தை அப்படிக் கொஞ்சம் மாற்றலாம், இதில் அளவு மாறினால் இறுகவே இறுகாது என்று விளக்கினீர்கள். கலந்ததை ஆழமான டப்பாவில் வைத்தால் தன் சூட்டிலேயே புகையும், அகலத் தட்டில் ஊற்றினால் நிதானமாக இருக்கும். காய்ந்தபின் மேலே படியும் வழுவழுப்பை முதலில் வெறும் தண்ணீரால் கழுவிவிட்டுத்தான் உப்புத்தாள் போட வேண்டும். வெயில் எப்பாக்ஸியைக் கெடுக்கும், ஆகவே மேலே பெயின்டோ புறஊதாக் கதிர் தாங்கும் வார்னிஷோ கட்டாயம். இதையெல்லாம்விட, கையுறை இல்லாமல் தொட்டால் வெளியே போகச் சொல்லிவிட்டீர்களே, அதற்குத்தான் பெரிய நன்றி. தோல் ஒருமுறை அதற்கு ஒவ்வாமை பிடித்துக்கொண்டால் பெரும்பாலும் ஆயுளுக்கும் விடாது. மரத்தையும் எப்பாக்ஸியையும் சேர்க்கும் முறையை அமெச்சூர்கள் வரை கொண்டுவந்ததில், 1969-இல் மிச்சிகனின் பே சிட்டியில் பட்டறை தொடங்கிய கூஜன் சகோதரர்களின் பங்கு பெரியது. அவர்களுக்கும் ஒரு கும்பிடு.

பழைய பெயின்டைச் சுரண்டும் முன் ஈயம் இருக்கிறதா என்று சோதிக்க வைத்தவர், தூசி பறக்காமல் நனைத்துத் தேய்க்கச் சொன்னவர், பாயின் இணைப்பை நேர்த்தையலில் போடாமல் வளைந்து வளைந்து போகும் தையலில் போட்ட தையற்காரம்மா (துணி இழுபடும்போது நூல் அறாது), எல்லோருக்கும் நன்றி. துடுப்புக்கு ஒரு பழைய கணக்கைத் தந்தவருக்கும். துடுப்பு தாங்கி நிற்கும் கொண்டிகளுக்கு இடையே உள்ள அகலத்தில் பாதி, அதோடு 2 அங்குலம். அது உள்ளே இருக்கும் பகுதி. அதை 7-ஆல் வகுத்து 25-ஆல் பெருக்கினால் முழு நீளம். 48 அங்குல அகலத்துக்கு ஏறக்குறைய 93 அங்குலம் வரும். போட்டுப் பார்த்தேன், தோள் வலிக்கவில்லை.

கடைசியாக என் மகள். கவிழ்த்துப் பார்க்காமல் ஏற மாட்டேன் என்று அடம்பிடித்தாள். சரி என்று, இடுப்பளவு தண்ணீரில், மிதவை உடுப்போடு, வேண்டுமென்றே கவிழ்த்தோம். ஒரு லிட்டர் நுரைப்பஞ்சு தண்ணீருக்குள் ஏறக்குறைய ஒரு கிலோவைத் தாங்கும் என்று காகிதத்தில் கணக்குப் போட்டிருந்தேன். தாங்கியது. ஆனால் நுரைப்பஞ்சு முழுக்க அடியில் இருந்ததால், தண்ணீர் நிறைந்த படகு நிமிராமல் புரண்டு புரண்டு விளையாடியது. பக்கவாட்டில் உயரமாகக் கட்டு என்றாள் அவள். கட்டினோம், நிமிர்ந்தது. பாப்பா, அந்தப் படகு உன்னுடையது.

பட்டறையில் கிளாம்புகள் ஒரு குவியலாக இருக்கின்றன. எது யாருடையது என்று எனக்கு அடையாளம் தெரியவில்லை. நீல வண்ணம் அடித்தவை மூன்று பேருக்குச் சொந்தம் என்று மூன்று பேரும் சொல்கிறார்கள். வந்து பிரித்துக்கொள்ளுங்கள். வரும்போது மிதவை உடுப்பு இருந்தால் எடுத்துவாருங்கள். பழைய படகில் ஒரு நேரத்தில் மூன்று பேரைத்தான் ஏற்றுவேன். காலையில் காற்று எழும்புவதற்கு முன் வருகிறவர்களுக்கு முதல் இடம். துடுப்பு நீங்கள்தான் போட வேண்டும்.

நன்றியுடன்,
உங்கள் படகுக்காரன்