ஒருத்திக்கு என்ன சமையல் எண்டு கேட்டனி

கோண்டாவில்,
ஆவணி.

அன்பின் ராணி,

சுகம் தானே எண்டு கேட்டுத் தொடங்க இந்த முறை எனக்கு மனம் வரேல்லை. உன்ரை மூத்தவள் முந்தநாள் லண்டனிலை இருந்து போன் எடுத்தவள். "அன்ரி, அம்மா சமைக்கிறதை விட்டிட்டா. கேட்டால் சாப்பிட்டன் எண்டுறா. வீடியோவிலை பாத்தால் அடுப்பிலை ஒரு சட்டியைக் காணேல்லை" எண்டு சொல்லி அழுதாள். உடனை கொழும்புக்கு உனக்கு எடுத்தன். நீ என்ன சொன்னனி? "ஒருத்திக்கு என்ன சமையல்? பாண் கிடக்கு, பிஸ்கற் கிடக்கு." சொல்லிப்போட்டு நல்லூர்த் தேர் எப்பிடி, சனம் எப்பிடி எண்டு கதையை மாத்திப்போட்டாய். போனிலை உன்னோடை வாதாடி நான் எந்தக் காலத்திலை வெண்டனான்? அதுதான் எழுதிறன். கடிதத்துக்கு நடுவிலை நீ குறுக்கிட ஏலாது.

இஞ்சை எல்லாரும் நல்லா இருக்கினம். என்ரை இவருக்குச் சீனி வருத்தம் கொஞ்சம் இறங்கியிருக்கு. சின்னக்கா முழங்காலைப் பிடிச்சுப் பிடிச்சுத் தேருக்குப் போட்டு வந்தவ. மணியத்தாற்றை மதில் வழக்கு இன்னும் முடியேல்லை. எங்களுக்குப் படிப்பிச்ச பெரிய ரீச்சரைக் கச்சான் கடையடியிலை கண்டன். முதல் உன்னைத்தான் கேட்டவ. மனுசி ஒண்டையும் மறக்கேல்லை.

போன ஆடி மாதம் எங்கடை அடுப்பிலை என்ன ஏறினது எண்டு இப்ப உனக்குச் சொல்லப்போறன். முழுக்க வாசி. தாண்டித் தாண்டி வாசிச்சால் எனக்குத் தெரிஞ்சிடும்.

ஆடிப்பிறப்பண்டு கூழ். நாங்கள் இரண்டு பேர்தானே எண்டு நான் விடேல்லை. அரைச் சுண்டு பச்சையரிசி மா, ஒரு பிடி வறுத்த பயறு, கொஞ்சம் தேங்காய்ச் சொட்டு, ஒரு பனங்கட்டிக் குட்டான், கடைசியிலை தேங்காய்ப்பால், தட்டிப்போட்ட மிளகும் சீரகமும். சின்னச் சட்டியிலை அரை மணித்தியாலத்துக்குள்ளை முடிஞ்சுது. பின்வளவுப் பிலாவிலை இலை பிடுங்கி ஈர்க்குக் குத்திக் கோலிக் குடிச்சம். கரண்டியாலை குடிச்சால் கூழ் இல்லை எண்டு நீதான் பள்ளிக்கூடத்திலை சட்டம் வைச்சனி.

பிறகு அமாவாசை வரைக்கும் ஒரு கிழமைதான் மீன். சோளகக் காத்து ஊதின ஊத்திலை சந்தைக்கு வந்ததும் கொஞ்சம், விலையும் தீ. ஒரு நாள் கீரிமீன் கிடைச்சுது. முருங்கைக்காய் போட்டு ஒரு குழம்பு, ஒரு சொதி, குத்தரிசிச் சோறு. மற்ற நாளெல்லாம் கத்தரியும் பயிற்றங்காயும் வெண்டியும். தேங்காய் ஒண்டு 200 ரூபாயைத் தொட்டுக்கொண்டு நிக்கேக்கை ஒரு கறிக்குத்தான் முதற்பால். மற்றதெல்லாம் பிறகு பிழியிற கப்பிப்பாலிலை அவியும். உனக்கு ஒரு பாதித் தேங்காய் இரண்டு நாளைக்குப் போதும். இதை எழுதி வை.

அமாவாசையைப் பற்றி எழுதலாமோ விடலாமோ எண்டு யோசிச்சன். எழுதத்தான் வேணும். உன்ரை மனுசன் அண்ணை இல்லாமல் உனக்கு இது முதல் ஆடி அமாவாசை. உன்ரை பெடியன் கனடாவிலை விரதம் பிடிச்சவன் எண்டு மகள் சொன்னாள். இவர் விடியக் கீரிமலைக்குப் போய்க் கேணியிலை முழுகி, தன்ரை அப்பாவுக்குச் செய்யிறதைச் செய்துபோட்டு வந்தவர். நான் என்ரை அப்பாவை நினைச்சு வீட்டிலை சமைச்சன். முதல் நாள் திருநெல்வேலிச் சந்தையிலை காத்தோட்டிக்காய் வந்திருந்தது. அந்த ஒண்டு இரண்டு நாளுக்குத்தானே அது வாறது. வருசம் முழுக்க அந்தக் காயை ஒருத்தரும் தேடுறேல்லை. அமாவாசைக்கு மட்டும் சனம் அடிபட்டு வாங்குது. வெட்டி, விதையை எடுத்து, பொரிச்சு, பழப்புளி விட்டுக் குழம்பு வைச்சன். பூசணிக்காய்ப் பால்கறி, வாழைக்காய்ப் பொரியல், பயிற்றங்காய், கீரைக் கடையல், பருப்பு, பாயாசம். காகத்துக்கு வைச்சிட்டு வந்து இருந்தால், முதல் வாய்க் கைப்பிலையே கண் கலங்கிப்போச்சு. அந்தக் குழம்பு அப்பாவுக்குச் சரியான விருப்பம். கைக்குதெண்டு நாங்கள் முகம் சுழிக்க, எங்கடை பங்கையும் சேத்துச் சாப்பிடுவார்.

அண்டைக்கு நீ என்ன சாப்பிட்டனி எண்டு கேக்க எனக்குப் பயமாக் கிடந்தது. கேக்கேல்லை. இப்ப கேக்கிறன்.

அமாவாசை கழிஞ்சு ஆறாம் நாள் நல்லூரிலை கொடி ஏறினது. பிறகு 25 நாளும் மீன் மச்சம் இல்லை. பாதியிலை இவர் புறுபுறுக்கத் தொடங்கிவிட்டார். எனக்கெண்டால் வருசத்திலை நல்லாச் சமைக்கிற காலம் அதுதான். மீன் இருந்தால் மரக்கறி ஓரத்துக்குப் போயிடும். மீன் இல்லாட்டி ஒவ்வொரு காயையும் முகம் பாத்துச் சமைக்கவேணும். திருநெல்வேலிக் கத்தரிக்காயை நீட்டா வெட்டி, பொரிச்சு, வெங்காயமும் பச்சை மிளகாயும் பெருஞ்சீரகமும் வதக்கி, பாலை விட்டு, இறக்கேக்கை தேசிக்காய்ப் புளி. ஒரு நாளைக்கு அது ஒண்டே கறி. முருங்கையிலை வறை ஒரு நாள். பிலாக்கொட்டை முடியுமட்டும் பிலாக்கொட்டைக் கறி. இரவிலை குரக்கன் புட்டும் சம்பலும், இல்லாட்டி இடியப்பமும் சொதியும். சொல்லிக்கொள்ள ஒண்டும் இல்லாத சாப்பாடு எண்டு நீ சொல்லுவாய். ஆனால் ராணி, ஒரு நாளாவது பசியில்லை எண்டு எழும்பினது இல்லை.

இனிப் பனம்பழம்! இதுக்காகத்தான் பேனையை எடுத்தன் எண்டு சொன்னாலும் பொய் இல்லை.

கொடிக்காலத்திலைதான் இந்த முறை பழம் விழத் தொடங்கினது. விடியப்பறம் சோளகம் அடிக்க, பின்வளவிலை "தொம்" எண்டு கேக்கும். விடிஞ்சதும் வாளியோடை போவன், எங்களுக்கு முதல் ஆற்றையும் மாடு வராட்டி. ஆனால் ஒழுங்கையை வந்து பாக்கவேணும் நீ. பழம் விழுந்து கிடக்கு, குனிஞ்சு எடுக்க ஆளில்லை. மோட்டச்சைக்கிள் ஏறி நசிச்சு, களி றோட்டிலை பூசுப்பட்டு, இலையான் மொய்க்குது. அந்த வாசத்தை மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்குதுகள் இந்தக் காலத்துப் பிள்ளையள். எனக்கு வயிறு எரியுது. ஒரு நாள் நான் எடுத்துக்கொண்டு நிக்க, முன்வீட்டுப் பெடியன் "அன்ரி, உது என்னத்துக்கு?" எண்டு கேட்டான். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, பனைக்குக் கீழை பிறந்த பிள்ளை கேக்கிறான்! கையைப் பிடிச்சு அடுப்படிக்குக் கூட்டிக்கொண்டு வந்திட்டன்.

பழத்தைக் கழுவி, மூக்கைக் கழட்டி, தணலிலை போட்டுப் பிரட்டிச் சுட்டம். தோல் கறுத்து வெடிக்க உள்ளுக்கிருந்து அந்த வாசம் வந்துது பார், அவன் முதல் ஒதுங்கிப் பேந்து கிட்ட வந்தான். தோலை உரிச்சு, கொட்டையைப் பிரிச்சு, கொஞ்சம் தண்ணி தெளிச்சுப் பிசையச் சொல்லிக் குடுத்தன். தும்புக்குள்ளை விரலை விட்டு இழுக்க இழுக்க மஞ்சள் களி வழியும். தும்பு வெளுக்குமட்டும் விடக்கூடாது. முழங்கை மட்டும் மஞ்சள் அவனுக்கு. பிறகு துணியிலை வடிச்சு, சீனி போட்டு அடுப்பிலை வைச்சுப் பச்சை வாசம் போகக் காய்ச்சினம். இதிலைதான் கனபேர் அவசரப்படுகினம். களி இறுகி, அகப்பையிலை இருந்து சொத்துச் சொத்தெண்டு விழவேணும். ஆறவிட்டு, அவிச்ச கோதுமை மாவும் உப்பும் போட்டுக் குழைச்சு, விரல் நுனியாலை கிள்ளிக் கிள்ளி எண்ணெய்க்குள்ளை விட்டால் பணியாரம். அண்டைக்கே தின்னக்கூடாது எண்டு பெரியாக்கள் சொல்லுறது சரிதான். அடுத்த நாள்தான் இனிப்பு ஊறி மெதுமையா வரும். இவருக்கு இரண்டுக்கு மேலை குடுக்கேல்லை. முன்வீட்டுப் பெடியன் எத்தினை திண்டவன் எண்டு தாய் வந்து சொன்னவ.

எல்லாப் பழமும் சரிவராது, அது உனக்குத் தெரியும். ஒழுங்கை முடக்குப் பனை இப்பவும் கைப்புத்தான். சபோனின் கூடின மரம். பெரிய ரீச்சர் படிப்பிச்சது, சவர்க்காரம் போலை நுரைக்கிற சாமான் எண்டு. அந்தப் பழத்தை நீ ஒருக்கா எனக்குத் தீத்திப்போட்டுச் சிரிச்சனி. அது இன்னும் என்ரை கணக்கிலை நிக்குது. வளவுக்குள்ளை நிக்கிற மூண்டும் நல்ல இனிப்பு. மிச்சக் களியைப் பாயிலை ஊத்தி வெய்யிலிலை வைச்சிருக்கிறன். காயக் காய மேலை மேலை ஊத்தினால்தான் பனாட்டுத் தடிக்கும். கொட்டையள் எல்லாம் ஒரு பக்கத்திலை குவிஞ்சு கிடக்கு. மழைக்கு முந்திப் பனங்கிழங்குக்குப் பாத்தி போடவேணும்.

ராணி, இப்ப ஒண்டு சொல்லுறன், கோவிக்காதை.

1995 ஒக்ரோபர் 30, சண்டைக்குள்ளை யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த அந்த இரவு. நாவற்குழிப் பாலம் கடந்து, மழையிலை நனைஞ்சு, தென்மராட்சியிலை ஒரு பள்ளிக்கூட விறாந்தையிலை போய் விழுந்தம். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாக்க ஏலாமல் இருந்தம். நான் என்ரை அம்மாவின்ரை மடியிலை படுத்து அழுதுகொண்டு இருந்தன். நீதான் எழும்பினனி. மூண்டு கல்லுத் தேடி வைச்சாய். ஆற்றையோ சட்டி, ஆற்றையோ அரிசி, வேலியிலை பிடுங்கின முருங்கையிலை. அண்ணை ஈர விறகை ஊதி ஊதிக் கண் சிவந்துபோய் இருந்தார். கஞ்சி காய்ச்சி, பேர் தெரியாத சனத்துக்கெல்லாம் வாத்துவிட்டு, கடைசியிலை சட்டியை வழிச்சு நீ குடிச்சாய். பேந்து 96 இலை வீட்டுக்குத் திரும்புமட்டும், இருந்ததை வைச்சு ஒவ்வொரு நாளும் அடுப்பை மூட்டினது நீதான். என்ரை அம்மா சாகுமட்டும் உன்ரை கஞ்சியைச் சொல்லிக்கொண்டு இருந்தவ.

அந்தக் கைக்கு இப்ப ஒரு சுண்டு அரிசி பாரமாக் கிடக்கெண்டால் என்னாலை தாங்க ஏலாமல் கிடக்கு. அண்ணைக்குச் சமைச்ச அடுப்பிலை உனக்கெண்டு சமைக்க மனம் வராது, அது எனக்கு விளங்குது. ஆனால் நீ சும்மா ஒருத்தி இல்லை. என்ரை ராணி. உனக்கு ஒரு நேரம் சுடச்சுடச் சோறு வேணும்.

அதாலை பெரிசா ஒண்டும் கேக்கேல்லை. ஒரு நாளைக்கு ஒரு நேரம். அரைச் சுண்டு அரிசி போடு. ஒரு சொதி வை: நாலைஞ்சு சின்ன வெங்காயம், இரண்டு பச்சை மிளகாய், கொஞ்சம் வெந்தயம், கருவேப்பிலை, மஞ்சள், ஒரு கோப்பை கப்பிப்பால். வெங்காயம் அவிஞ்சதும் கொஞ்சம் முதற்பால், ஒரு கொதி, இறக்கிப்போட்டு உப்பும் தேசிக்காயும். கீரைப்பிடி ஒண்டு வெள்ளவத்தைச் சந்தையிலை வாங்கினால் இரண்டு நாளைக்கு வறை. சந்தைக்குப் போறதே நல்லது, நாலு சனத்தோடை பேரம் பேசினால் உனக்கு உசார் வந்திடும். பெரிய சட்டி எல்லாத்தையும் மேலை தூக்கி வை. அதுகளைக் கண்டால்தான் கை ஓடாது. சின்னச் சட்டி இரண்டு வாங்கு. கோப்பையிலை போட்டு, மேசையிலை இருந்து சாப்பிடு. ரீவிக்கு முன்னாலை வேண்டாம்.

நாளைக்கு இரவு பஸ்ஸிலை ஒரு பெட்டி போட்டு விடுறன். கத்தரிக்காய், முருங்கைக்காய், சின்ன வெங்காயம், ஒரு போத்தல் மிளகாய்த்தூள், பனங்கட்டிக் குட்டான், போன வருசப் புழுக்கொடியல், ஒரு துண்டு பழைய பனாட்டு. பணியாரம் தனி ரின்னிலை மேலை இருக்கு. ரின் என்ரை இல்லை, சின்னக்காவின்ரை. திரும்பி வரவேணும்.

தையிலை கிழங்கு கிண்டேக்கை நீ இஞ்சை நிக்கவேணும். யாழ்தேவி றெயினிலை இடம் இப்பவே சொல்லி வை, பொங்கலுக்குக் கிட்டக் கிடைக்காது. மகளுக்கும் நான் சொல்லிப்போட்டன், அம்மா தைக்கு என்னட்டை வாறா எண்டு.

பெட்டி காலமை வந்திடும், உடனை போய் எடு. பிந்தினால் கத்தரிக்காய் வாடிப்போகும். மத்தியானம் என்ன கறி எண்டு எனக்குப் படம் எடுத்து அனுப்பு.

உன்ரை,
தேவி